மரத்துப்போன பாதங்களும் மாலை நடையும்



வேப்பம்பட்டிலிருந்து வரும் சர்க்கரை நோயாளிகள், "சாலையில் நடக்கப் பயமாயிருக்கிறது, ஐயா" என்பார்கள். ரயிலேறினால் ஆவடி, அங்கே 2019-இல் திறக்கப்பட்ட பருத்திப்பட்டு ஏரிப் பூங்காவில் வண்டித் தொல்லையில்லாமல், நீர்ப்பறவைகளைப் பார்த்தபடி நடக்கலாம். ஈசாக்கும் சாயங்காலத்தில் தியானிக்க வெளியே போனவர்தானே!

நடக்கும்போது கால் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துச் செலவிடுகின்றன. வாரம் 150 நிமிடமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆனால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு முள் குத்தினாலும் தெரியாது. சிறு புண் ஆறாமல் காலையே எடுக்க நேரிடும். வெறுங்காலோடு நடக்கவே கூடாது. வேலூரில் டாக்டர் பால் பிராண்டும் உடன் ஊழியரும் தொழுநோயாளிகளுக்காகப் பழக்கத்துக்குக் கொண்டுவந்த மிருதுவான எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு இவர்களுக்கும் ஏற்றது. வீடு திரும்பியதும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செருப்பு வாங்க இயலாதவர்களுக்கு உங்கள் காணிக்கையிலிருந்தே கொடுக்கிறோம்.