குப்பைப் பைக்கு காசு வாங்கினால் குப்பை குறையுமா? அமெரிக்க நகரில் நடந்தது என்ன?

ஒரு பை குப்பை போட்டாலும் பத்து பை போட்டாலும் ஒரே கட்டணம்தான். பல நகரங்களில் குப்பை வரி இப்படித்தான் வசூலாகிறது. அப்படி இருந்தால் குப்பையைக் குறைக்கணும்னு யாருக்குத் தோணும்? அதனால்தான் சில ஊர்கள் 'போடுற குப்பைக்கு ஏத்த காசு' என்ற முறைக்கு மாறின. அதன்பிறகு மக்கள் என்ன செய்தார்கள்?

80 சென்ட் ஸ்டிக்கர்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள சார்லட்ஸ்வில் நகரில் 1992 ஜூலையில் இந்த முறை வந்தது. சுமார் 120 லிட்டர் கொள்ளும் ஒவ்வொரு குப்பைப் பையிலும் அப்போது 80 சென்ட் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டியிருந்தது. பொருளாதார நிபுணர்கள் டான் ஃபுல்லர்டன், தாமஸ் கின்னமன் இருவரும் 75 வீடுகளின் குப்பையை, கட்டணத்துக்கு முன்பும் பின்பும் அளந்து பார்த்தனர்.

குப்பையின் கன அளவு 37% குறைந்திருந்தது. ஆனால் எடை குறைந்ததோ வெறும் 14%தான்!

காரணம் என்ன?

பைக்குத்தானே காசு? மக்கள் குப்பையை நல்லா அமுக்கி ஒரே பையில் திணித்துவிட்டார்கள். சியாட்டில் நகரிலும் இதே கதைதான். காலால் மிதித்து அமுக்கும் இந்தப் பழக்கத்துக்கு 'சியாட்டில் ஸ்டாம்ப்' என்றே பெயர் வந்துவிட்டது. இதனால் நகராட்சிக்குப் பெரிய லாபம் இல்லை. குப்பை லாரியே எல்லாவற்றையும் அமுக்கித்தான் ஏற்றுகிறது.

நல்லதும் நடந்தது. மறுசுழற்சிக்குப் போன பொருட்களின் எடை 16% கூடியது. ஆனால் வாசலில் குறைந்த குப்பையில் சுமார் 28% கண்ட இடங்களில் கொட்டப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

தென்கொரியா செய்தது என்ன?

1995 ஜனவரியில் தென்கொரியா இதை நாடு முழுக்கக் கொண்டு வந்தது. உள்ளாட்சி நிர்வாகம் விற்கும் பையை வாங்கி அதில்தான் குப்பை போட வேண்டும். மறுசுழற்சிப் பொருட்களைப் பிரித்து வைத்தால் காசு இல்லை. பல அடுக்குமாடிகளில் சாப்பாட்டுக் கழிவைத் தொட்டியே எடை போட்டுக் கட்டணம் கணக்கிடுகிறது. எடைக்குக் காசு என்பதால் அமுக்கிப் பயனில்லை. தண்ணீரை வடித்துவிட்டுப் போட்டால்தான் மிச்சம்.

ஆக, எதற்குக் காசு வாங்குகிறோமோ அதைத்தான் மக்கள் குறைப்பார்கள். பைக்குக் காசு என்றால் பை குறையும். எடைக்குக் காசு என்றால் எடை குறையும். கூடவே, பிரித்துப் போட இலவச வசதியும் கண்ட இடத்தில் கொட்டுவோர் மீது கண்காணிப்பும் இல்லை என்றால், வீட்டு வாசலில் குறையும் குப்பை தெருமுனையில்தான் போய்ச் சேரும்.