பருத்திமாரும் பயன்படும்

பஞ்சு தறிக்குச் சென்றது. மார் எங்கே செல்கிறது? நம் உறுப்பினர் பலர் அதை வயலோரத்திலேயே கொளுத்திவிடுகின்றனர். காய்ப்புழு ஒழியும் என்பது உண்மையே. ஆயினும் பயிர் காற்றிலிருந்து ஈர்த்த கரிமம் புகையோடு வானுக்கே திரும்புகிறது.

இராமநாதபுரத்தில் சீமைக்கருவேலத்தை மூட்டமிட்டுக் கரியாக்குவதை நாம் அறிவோம். அவ்வாறே காற்றைக் குறைத்து மாரைச் சுட்டால், புழுவும் மடியும். கரிமத்தில் ஏறக்குறையப் பாதி கரியாக எஞ்சும். அது மண்ணில் நெடுங்காலம் நிலைத்து, மணற்பாங்கான நிலத்தில் ஈரத்தைக் காக்கும்.

புதுக்கரி தனியே இட்டால் தழைச்சத்தை ஈர்த்துக்கொள்ளும்; தொழுவுரத்துடன் கலந்து ஊறவைத்தே இடுதல் வேண்டும். களர்நிலத்தார் மண்ணைப் பரிசோதித்த பின்னரே இடுக.

மூட்டத்தில் புகை மிகுதி. புகையையும் எரித்துவிடும் இரும்புச் சூளையே நன்று. தனியொருவருக்கு அது அரிது. சங்கம் வாங்கினால் அனைவருக்கும் எளிது. வரும் பொதுக்குழுவில் இதனை ஆராய்வோமாக.