தோள் கொடுத்த வாலிபனுக்கு வழி காட்டுவது யார்?

மழை வலுத்தால் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கும். வியாசர்பாடிக்காரர்களுக்கு வெள்ளம் புதுசல்ல.

2015 டிசம்பரில் சென்னையே தத்தளித்தது. பள்ளிவாசல்கள் திறந்து விடப்பட்டன. முஸ்லிம் வாலிபர்கள் தண்ணீரில் இறங்கி சோற்றுப் பொட்டலம் கொடுத்தார்கள். "நீ எந்த சாமியக் கும்பிடுறே?" என்று கேட்டுக் கொடுத்த சோறு அல்ல அது.

2020ல் கொரோனா. சொந்தபந்தமே கிட்டே வரப் பயந்த நேரம். த.மு.மு.க. முதலான அமைப்புகளின் வாலிபர்கள் பாதுகாப்பு உடை மாட்டிக்கொண்டு, எந்த மதத்தவர் உடலானாலும் தூக்கிப்போய் இறுதிக் காரியம் செய்தார்கள்.

சரி, அந்தப் பையன்களின் பிழைப்பு?

பிற்படுத்தப்பட்டோருக்கான 30 சதவீதத்தில், முஸ்லிம்களுக்கென 3.5 சதவீதம் 2007ல் தனியே பிரிக்கப்பட்டது. கல்லூரி இடத்துக்கும் சர்க்கார் வேலைக்கும் இது உண்டு. ஆனால் லெப்பை, தக்கனி முஸ்லிம், ஷேக், சையத் என்று பட்டியலில் உள்ள பிரிவைக் காட்டிச் சான்றிதழ் வாங்க வேண்டும். வாங்காதவன் பொதுப் போட்டியில்தான் நிற்க வேண்டும்!

"பாய், பையன் பிளஸ் டூ முடிச்சிட்டான், என்ன பண்றது?" என்று ஒரு தாய் கேட்டால், ஜமாஅத் பெரியவரிடம் பதில் தயாராக இருக்க வேண்டும். ஜும்ஆ முடிந்து பத்து நிமிஷம் பேசினால் போதும். டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி வியாசர்பாடியிலேயே இருக்கிறது.

ஊரார் பிணத்துக்குத் தோள் கொடுத்தவன் அவன். அந்தத் தோளில் கை போட்டுக் கூட்டிப்போக ஓர் ஆள் வேண்டாமா?