கிரேக்க, இலத்தீன் சுவடிகளின் வளைவெழுத்து

எழுத்தின் வடிவம் எழுதுவோன் விருப்பத்தால் மட்டும் அமைவதன்று. எழுதப்படும் பொருளும் எழுதுங் கருவியும் சேர்ந்தே அதனை ஆக்குகின்றன. கல்லில் வெட்டுதற்கு நேர்கோடு எளிது. பதனிட்ட தோலில் மை கொண்டு விரைந்தெழுதுதற்கு வளைவே எளிது. இவ்வுண்மையைக் கிரேக்க, இலத்தீன் மொழிகளின் பழஞ்சுவடிகளில் தெளிவுறக் காணலாம். அவற்றில் வழங்கிய வளைவெழுத்தின் இயல்பையும், அவ்வியல்பு காரணமாக எழுந்ததொரு பெரும் வாதத்தையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

கிரேக்கர் கல்லில் வெட்டிய 'எப்ஸிலான்' என்னும் எழுத்து, ஒரு நெடுங்கோடும் மூன்று குறுங்கோடுகளும் உடையது. பேனாவோ அதனை ஒரு வளைவும் அதன் நடுவே ஒரு கோடுமாகச் சுருக்கிற்று. நான்கு முறிகோடுகளாலாகிய 'ஸிக்மா' பிறைவடிவுற்றது. கி. பி. 4-ஆம் நூற்றாண்டினவாகிய ஸீனாய்ச் சுவடி, வத்திக்கான் சுவடி, 5-ஆம் நூற்றாண்டினதாகிய அலெக்ஸாந்திரியச் சுவடி என்னும் கிரேக்க வேதாகமச் சுவடிகள் மூன்றும் இவ்வகை எழுத்தால் ஆனவை.

இலத்தீன் எழுத்தரும் 4-ஆம் நூற்றாண்டு முதல் 8-ஆம் நூற்றாண்டு வரை வளைவெழுத்தைப் பெரிதும் கையாண்டனர். ஏ, டீ, ஈ, எம் என்னும் நான்கெழுத்துக்களின் வளைவே அதற்குச் சிறந்த அடையாளமாம். இங்கிலாந்தின் வடபாகத்தில் வேர்மத்-ஜாரோ மடத்தின் தலைவர் கெயோல்பிரித் எழுதுவித்து, 716-ஆம் ஆண்டில் ரோமாபுரி நோக்கி எடுத்துச் சென்ற முழு வேதாகமம் 1,030 தோலேடுகள் கொண்டது. அவர் வழியிலேயே காலமானார். சுவடியோ இன்று பிளாரன்ஸ் நகரத்து நூலகமொன்றில் விளங்குகின்றது.

இவ்வெழுத்திற்கு 'அன்ஷியல்' என்று பெயர். பன்னிரண்டில் ஒரு பங்கைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது அது. ஜெரோம் என்னும் பேரறிஞர் யோபு நூலுக்கு வரைந்த முன்னுரையில், ஊதாத் தோலில் பொன்னாலும் வெள்ளியாலும் பேரெழுத்துக்களில் எழுதிய ஆடம்பர நூல்களைக் கடியுமிடத்து அச்சொல்லை ஆளுகின்றார். அவர் வேண்டியது அழகன்று, பிழையின்மையே.

பிழையின்மையைக் காத்தலோ எளிதன்று. வளைவெழுத்தில் 'ஒமிக்ரான்' வெறும் வட்டம். 'தீட்டா' அவ்வட்டத்தினுள் ஒரு கோடுடையது. கிரேக்கத்தில் 'எவர்' எனப் பொருள்படும் சொல்லை ஒமிக்ரானும் ஸிக்மாவுமாக எழுதுவர். 'தேவன்' என்னும் சொல்லையோ தீட்டாவும் ஸிக்மாவுமாகக் குறுக்கி, மேலே ஒரு கோடிடுவர். ஆகவே இரு சிறு கோடுகளே இச்சொற்களை வேறுபடுத்துவன.

தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம் 3-ஆம் அதிகாரம் 16-ஆம் வசனத்தில் இவ்விரண்டனுள் எது மூலபாடம் என்பதே வாதம். பேசல் நகரத்து வெட்ஸ்டைன் என்பார் இலண்டனில் அலெக்ஸாந்திரியச் சுவடியை ஆராய்ந்தபோது, வட்டத்தினுள் தோன்றும் கோடு அவ்வெழுத்திற்கு உரியதன்றெனக் கருதினார். தோலின் மறுபக்கத்து எப்ஸிலானின் நடுக்கோடே ஊடுருவித் தோன்றுகின்றது என்பது அவர் துணிபு. இத்தகைய ஆராய்ச்சிகளால் அவர்மீது சமயப் பிறழ்வுக் குற்றம் சாட்டப்பட்டது. 1730-ஆம் ஆண்டில் தம் திருப்பணிப் பதவியை இழந்து, ஆம்ஸ்டர்டாம் நகரம் புகுந்தார்.

பின்னர் 19-ஆம் நூற்றாண்டில் வெளிப்பட்ட ஸீனாய்ச் சுவடியில், முதலில் எழுதியவர் 'எவர்' என்றே எழுதியிருத்தலும், பிற்காலத்தார் ஒருவர் மேலே எழுத்துக்களைச் சேர்த்துத் 'தேவன்' என ஆக்கியிருத்தலும் காணப்பட்டன. இக்கால ஆராய்ச்சிப் பதிப்புக்கள் 'எவர்' என்னும் பாடத்தையே கொள்கின்றன.

எழுத்து வடிவங்களை ஆராய்தல் பயனற்ற வேலையென எண்ணுவாரும் உளர். ஒரு நூலின் சொல்லும் ஒரு மனிதரின் வாழ்வும் நூலளவான ஒரு கோட்டைப் பற்றி நிற்கக் கூடுமாயின், அக்கோட்டை அச்சமின்றி உற்று நோக்குங் கண் கல்வியின் சிறந்த பேறுகளுள் ஒன்றென்றே நாம் கொள்ளுகின்றோம்.