இராமனா, ராமனா?

ஆண் குழந்தைக்குப் பெயர் நிச்சயமாகி, தாம்பாளத்தில் பரப்பிய பச்சரிசியில் பாட்டனார் தம் விரலால் அதை எழுதத் தொடங்கும் சுபவேளையில்தான், 'ராமன்' என்பதா, 'இராமன்' என்பதா என்னும் விவகாரம் வீட்டில் தலையெடுக்கும். ரகரம் மொழிக்கு முதலாகாது என்பது தொல்காப்பிய விதி. ஆகவே இகரம் முன்னே வந்து துணை நிற்கிறது. கம்பரோ, வடமொழி லக்ஷ்மணனை இலக்குவன் என்றும் விபீஷணனை வீடணன் என்றும் தமிழோசைக்கு இசைய உருமாற்றி, கிரந்த எழுத்தின் தயவின்றியே ஒரு மகாகாவியத்தை நடத்திக் காட்டினார். வேதாசலம் மறைமலையடிகள் ஆனாரே, அது எழுத்தையன்று, பெயரையே மாற்றிய துணிவு.

ஆங்கிலத்தில் சங்கடம் இரட்டிக்கிறது. செந்திலின் தகரத்துக்கு நாம் 'டி'யோடு 'எச்' சேர்க்கிறோம். வடநாட்டாரோ அதை மூச்சு மிகுந்த வேறோர் ஒலியாக வாசிப்பார்கள். எண்சோதிடர் சொன்னாரென்று கூடுதலாக ஓர் 'ஏ'யைச் செருகுவது, என் அபிப்பிராயத்தில், பையன் ஆயுள் முழுதும் கட்டவேண்டிய வட்டி.

பிறப்பைப் பதிவு செய்த 12 மாதங்களுக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். ஆதலால் அவசரப்படாமல் யோசித்து, இரு மொழியிலும் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்த பிறகே சான்றிதழை வாங்குங்கள்.