கையை இழுக்கும் சுக்கான்

புதிதாக வாங்கிய சிறிய பாய்மரக் கேட்டமரானில் முதல்முறை போய்த் திரும்புகிறவரிடம் கேட்டால், முதலில் சொல்வது தோள் வலியைத்தான். காற்று கொஞ்சம் வலுத்ததும் சுக்கான் பிடி கையைப் பிடுங்குகிறது; விட்டால் படகு காற்றை நோக்கித் திரும்பிவிடுகிறது. கை பழகப் பழகச் சரியாகிவிடும் என்று நினைத்து ஒரு பருவம் முழுவதும் அப்படியே ஓட்டுகிறவர்கள் உண்டு. இது பழக்கத்தால் தீரும் குறை அல்ல. சில சென்டிமீட்டர் அளவில் இருக்கும் வடிவியல் பிழை.

உதாரணத்துக்கு ஹோபி 16 படகை எடுத்துக்கொள்வோம். கலிஃபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகை செய்துவந்த ஹோபி ஆல்ட்டர் 1968-இல் 14 அடிப் படகு ஒன்றை அறிமுகப்படுத்தினார். அதையடுத்து வந்தது இந்தப் பெரிய படகு. நீளம் சுமார் 5 மீட்டர், அகலம் 2.4 மீட்டர், எடை 145 கிலோ. உலகம் முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றதால், இன்று பழைய படகு வாங்குகிறவர் கைக்கு எளிதில் கிடைப்பதும் இதுதான். ‘கேட்டமரான்’ என்ற பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனது. ஆனால் கட்டுமரம் மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை. இரண்டு ஓடங்களை இடைவெளி விட்டு இணைக்கும் அமைப்பு பசிபிக் தீவு மக்களுடையது. பெயர் ஓரிடத்திலிருந்தும் வடிவம் வேறோரிடத்திலிருந்தும் வந்து சேர்ந்திருக்கின்றன.

மணலில் நேராக ஏற்றி இறக்குவதற்கென்றே உருவான படகு ஹோபி 16. ஆகவே ஒவ்வோர் ஓடத்தின் பின்னாலும் தொங்கும் சுக்கான் பலகை, தரை தட்டினால் தானாகப் பின்னோக்கி மேலே எழும்பும். இறக்கினால் கேம் என்னும் சிறிய பூட்டுத் துண்டு அதைப் பூட்டிக்கொள்ளும். வசதியான ஏற்பாடுதான். கையை இழுக்கும் கோளாறு பெரும்பாலும் தொடங்கும் இடமும் இதுவே.

சுக்கானை ஒரு கதவாக நினைத்துக்கொள்ளுங்கள். படகின் பின்புறத்தில் உள்ள ஆணிகள்தான் கீல். ஓடும் நீர் பலகையைப் பக்கவாட்டில் தள்ளும்போது, அந்த விசை முழுவதும் ஒரு புள்ளியில் குவிவதாகக் கொள்ளலாம். சிறிய கோணத்தில் அந்தப் புள்ளி பலகையின் முன்விளிம்பிலிருந்து ஏறத்தாழ கால் பங்கு அகலத்தில் இருக்கும். கீலுக்கும் அந்தப் புள்ளிக்கும் இடைவெளி எவ்வளவோ, அவ்வளவு பாரம் கைக்கு வரும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பலகை 20 செ.மீ. அகலம், நீருக்குள் 60 செ.மீ. ஆழம், வேகம் 10 நாட், கோணம் 5 பாகை என்று வைத்துக்கொண்டால், ஒரு பலகையின் மேல் விழும் விசை சுமார் 50 கிலோ. விசைப்புள்ளி கீல்கோட்டுக்கு 9 செ.மீ. பின்னால் இருந்தால், 60 செ.மீ. நீளப் பிடியின் முனையில் கை 7.5 கிலோவைத் தாங்க வேண்டும். இரண்டு சுக்கானுக்கும் சேர்த்து 15 கிலோ. அதே புள்ளி கீல்கோட்டுக்கு 3 செ.மீ. மட்டுமே பின்னால் இருக்கும்படி செய்துவிட்டால், மொத்தம் 5 கிலோதான்! விசை வேகத்தின் இருமடியாக வளர்வதால், 5 நாட்டில் தெரியாத குறை 10 நாட்டில் நான்கு மடங்காகத் தெரிகிறது.

பழைய படகில் கேம் தேய்ந்தோ அதன் ஸ்பிரிங் தளர்ந்தோ போயிருந்தால், நீரின் அழுத்தத்தில் பலகை முழுவதும் இறங்காமல் கொஞ்சம் பின்னால் சாய்ந்து நிற்கும். 10 பாகைச் சாய்வு போதும். விசைப்புள்ளி சுமார் 8 செ.மீ. பின்னுக்குப் போய்விடும். மேலே சொன்ன 9 செ.மீ. 17 ஆகிறது, கைப்பாரம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. எனவே முதல் வேலை கேமை இறுக்குவது. பிறகு ஆணியும் புஷ்ஷும் ஆடுகின்றனவா என்று பலகையின் நுனியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

அதற்கப்புறம்தான் சாய்வைத் திருத்த வேண்டும். மேலும் கீழுமான இரண்டு ஆணிகளின் வழியாக ஒரு நூலைப் பிடித்துக் கீழே நீட்டினால் கீல்கோடு கிடைக்கும். பலகையின் நுனியை முன்னோக்கி, அதாவது ஓடத்தின் அடிப்பக்கமாகத் தள்ள, முன்விளிம்பின் ஒரு பகுதி அந்தக் கோட்டுக்கு முன்னால் வரும், பாரம் குறையும். சில படகுகளில் இதற்கென ஸ்குரு உண்டு. இல்லாதவற்றில் பழைய துளையை எபாக்சியால் அடைத்து, சற்றுத் தள்ளிப் புதிய துளை போட வேண்டும். ஒரேயடியாக அதிகம் தள்ளிவிடக் கூடாது. விசைப்புள்ளி கீல்கோட்டுக்கு முன்னால் போய்விட்டால், பலகை தானே ஒரு பக்கம் பாய்ந்து திரும்பும். கொஞ்சம் இழுவை மிச்சம் இருப்பதே பாதுகாப்பு: பிடி நழுவினால் படகு காற்றை நோக்கித் திரும்பி வேகம் குறையும்.

இங்கே பலரும் குழம்பும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கையில் தெரியும் பாரம் வேறு, படகு திரும்ப முயல்வது வேறு. பாயின் மேல் விழும் விசையின் மையம், படகு பக்கவாட்டில் நகர்வதை நீர் எதிர்க்கும் மையத்துக்குப் பின்னால் இருந்தால், படகு காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்கச் சுக்கானைக் கோணலாகப் பிடிக்க வேண்டியிருக்கும். பலகையை முன்னே சாய்த்தால் கைக்குச் சுகம், ஆனால் அந்தக் கோணல் அநேகமாக அப்படியே இருக்கும், நீரைத் தடுத்து வேகத்தைத் தின்றுகொண்டிருக்கும். கை லேசானதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பிவிடுவதுதான் இதில் ஆபத்து. நேராக ஓடும்போதும் பலகை கோணலாக நின்றால், திருத்தம் பாய்மரத்தின் பின்சாய்விலும் முன்பாயின் இறுக்கத்திலும் செய்ய வேண்டியது.

இரண்டு சுக்கான்களும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கின்றனவா என்பது அடுத்தது. பலகைகளை இறக்கிப் பூட்டி, முன்விளிம்புகளுக்கு இடையேயும் பின்விளிம்புகளுக்கு இடையேயும் ஒரே உயரத்தில் டேப் வைத்து அளக்க வேண்டும். இரண்டு அளவும் ஒன்றாக, அல்லது முன்பக்கம் 2, 3 மில்லிமீட்டர் குறைவாக இருந்தால் போதும். வித்தியாசம் பெரிதானால் இரண்டு பலகைகளும் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்துக்கொண்டே ஓடும். சுக்கான்களை இணைக்கும் குறுக்குக் கம்பியின் நீளத்தை மாற்றி இதைத் திருத்தலாம்.

அடுத்த முறை கை வலித்தால் உடனே துளைக்கருவியைத் தேடாதீர்கள். படகைக் கரையில் நிறுத்தி, பலகைகளை இறக்கிப் பூட்டி, ஒரு நூலும் டேப்பும் எடுத்து அரை மணி நேரம் அளந்து பாருங்கள்.