82 பேர் மட்டுமே வாழும் அமெரிக்க மாவட்டம்... குழந்தைகளுக்கு அனுமதி இல்லை!

ஆண்டுக்கு ஒரே ஒரு முறை, கோடையில் கடல் கொஞ்சம் அடங்கியிருக்கும்போது அந்தச் சரக்குப் படகு வரும். எரிபொருள், ஃப்ரிட்ஜ், சோஃபா, சில நேரம் கார்கூட அதில் வந்து இறங்கும். வேடிக்கை பார்க்க ஊரே கரையில் கூடிவிடும். ஊரே என்றால், நூறு பேருக்கும் குறைவுதான்.

அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில், மொலோகாய் தீவின் வடகரையில் இருக்கிறது கலவாவோ கவுன்டி. கவுன்டி என்பது ஏறக்குறைய நம்மூர் மாவட்டம் மாதிரி. 2020 கணக்கெடுப்பின்படி இங்கே வாழ்ந்தவர்கள் 82 பேர். டெக்சாஸில் 64 பேர் கொண்ட லவ்விங் கவுன்டியை விட்டால், நாட்டிலேயே மிகக் குறைந்த மக்கள்தொகை இங்குதான். நிலப்பரப்பு சுமார் 31 சதுர கிலோமீட்டர். அந்த வகையில் அமெரிக்காவின் மிகச் சிறிய கவுன்டியும் இதுதான். மேயர் கிடையாது, கவுன்சில் கிடையாது. மாநில சுகாதாரத் துறைதான் நிர்வாகம். 16 வயதுக்கு உட்பட்டவர்கள் உள்ளே வரவே கூடாது.

ஏன் இப்படி? இந்த மாவட்டம் தொழுநோயாளிகளுக்காகவே உருவானது என்பதால்!

இயற்கை கட்டிய சிறை

மூன்று பக்கம் கொந்தளிக்கும் பசிபிக் கடல். நான்காவது பக்கம், 2,000 அடிக்கு மேல் செங்குத்தாக எழும் மலைச்சுவர். உலகின் மிக உயரமான கடலோரப் பாறைச்சுவர்களில் ஒன்று அது. பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் தீவின் வடபகுதி கடலுக்குள் சரிந்து விழுந்தபோது உண்டான வெட்டு. பிறகு அதன் அடிவாரத்தில் சின்ன எரிமலை ஒன்று எழுந்து குழம்பைக் கொட்ட, நாக்கை நீட்டியதுபோல ஒரு சமவெளி உருவானது. எரிமலையின் வாயில் இப்போது 800 அடி ஆழத்தில் ஓர் ஏரி. மேலே ஏறிப்போக 26 வளைவுகள் கொண்ட ஒற்றையடிப் பாதைதான். இன்றுவரை சாலை இல்லை. சின்னதாக ஒரு விமானத் தளம் உண்டு.

சர்க்கரைவள்ளி பயிரிட்டு இங்கே தலைமுறை தலைமுறையாக ஹவாய் மக்கள் வாழ்ந்தார்கள். அப்போது ஹவாய் தனி ராஜ்ஜியம். வெளிநாட்டுக் கப்பல்களோடு புதுப்புது நோய்கள் வந்தன. அவற்றில் ஒன்று தொழுநோய். பயந்துபோன அரசு 1865-ல் ஒரு சட்டம் போட்டது. நோய் இருக்கிறது என்று தெரிந்தால் பிடித்துத் தனிமைப்படுத்தலாம். 1866 ஜனவரி 6 அன்று முதல் 12 பேர் இங்கே இறக்கிவிடப்பட்டார்கள். அடுத்த நூறு ஆண்டுகளில் அப்படி வந்தவர்கள் சுமார் 8,000 பேர். பெரும்பாலோர் ஹவாய் பூர்வகுடிகள். ராணி எம்மாவின் உறவினரான பீட்டர் காயியோகூடத் தப்பவில்லை.

ஹவாய் மக்கள் இதற்கு வைத்த பெயர், 'பிரிக்கும் நோய்'. சில கணவர்களும் மனைவிகளும் தங்களுக்கு நோய் இல்லாதபோதும் துணைக்கு உடன் வந்தார்கள். ஆனால், இங்கே பிறந்த குழந்தைகளைப் பெற்றவர்கள் தொடக்கூட முடியவில்லை. பிறந்ததும் தூக்கிப்போய்விடுவார்கள். உறவினர் பார்க்க வந்தால் நடுவில் கம்பிவலை. குழந்தைகளுக்கு இன்றும் அனுமதி மறுக்கப்படுவது அந்தக் காலத்தின் மிச்சம்தான். குழந்தையைப் பறிகொடுத்த ஒருவருக்கு, தெருவில் இன்னொரு குழந்தை ஓடுவதைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று யோசித்தால் அந்த விதி வேறு மாதிரி புரியும்.

1873-ல் பெல்ஜியம் நாட்டுப் பாதிரியார் டேமியன் இங்கே வந்தார். வீடு கட்டினார், புண்ணுக்குக் கட்டுப் போட்டார், சவப்பெட்டி செய்தார். கடைசியில் அதே நோய் தொற்றி, 1889-ல் 49 வயதில் இறந்தார். அவருக்கு உதவ 1888-ல் வந்த சகோதரி மரியான் கோப், அதன்பின் 30 ஆண்டுகள் இங்கேயே வாழ்ந்து மறைந்தார். அவருக்கு நோய் தொற்றவே இல்லை. இருவருமே இன்று கத்தோலிக்கத் திருச்சபையின் புனிதர்கள்.

டேமியன் வந்த அதே 1873-ல்தான், நோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்று நார்வே மருத்துவர் ஹான்சன் கண்டுபிடித்தார். அது எளிதில் தொற்றாது; பெரும்பாலானவர்களின் உடலே அதை எதிர்த்துவிடும். 1946-ல் கலவாவோவுக்கு சல்ஃபோன் மருந்தும் வந்துவிட்டது. ஆனால், தனிமைச் சட்டம் நீக்கப்பட்டது 1969-ல்தான். மருந்து கையில் இருந்தும் 23 ஆண்டுகள்! இதை எந்த பயத்தின் கணக்கிலும் எழுத முடியாது. இத்தனைக்கும் அதே காலத்தில், 1955-லேயே, டேமியனின் நாட்டிலிருந்து வந்த மருத்துவர் ஹெமரிக்ஸ், செங்கல்பட்டு அருகே பொலம்பாக்கத்தில் யாரையும் அடைத்துவைக்காமல் மரத்தடியில் சிகிச்சை கொடுக்கத் தொடங்கிவிட்டார்.

போகாமல் நின்றவர்கள்

கதவு திறந்ததும் எல்லோரும் வெளியேறிவிடவில்லை. பலர் இங்கேயே தங்கினார்கள். சிறு வயதில் வந்தவர்களுக்கு வெளியே வீடு இல்லை. நண்பர்களும், துணையின் கல்லறையும் இங்கேதான். விரும்பும்வரை இங்கேயே வாழலாம் என்று மாநிலம் உறுதி கொடுத்தது. நோயாளியாக வந்து, பிறகு இதே கவுன்டியின் ஷெரீஃப் ஆன ரிச்சர்ட் மார்க்ஸ், சுற்றுலாப் பயணிகளுக்கு ஊரைச் சுற்றிக்காட்டிக் கதை சொன்னார். இந்த இடத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று போராடியவர்களில் அவரும் ஒருவர். 1980-ல் இது தேசிய வரலாற்றுப் பூங்காவானது.

1900-ல் 1,177 பேர். 1950-ல் 340. 2000-ல் 147. இன்றைய 82 பேரில் பெரும்பாலோர் பூங்கா, சுகாதாரத் துறை ஊழியர்கள். முன்னாள் நோயாளிகள் விரல்விட்டு எண்ணக்கூடிய முதியவர்கள். அவர்களுக்குப் பிறகு இது தனிக் கவுன்டியாக நீடிக்குமா, தீவின் மற்ற பகுதிகளைப்போல மாவி கவுன்டியில் சேருமா, இந்த நிலம் யாருக்கு என்ற கேள்விகள் வரிசையாகக் காத்திருக்கின்றன.

வாரிசுகளின் கவலை வேறு. பெரும்பாலான கல்லறைகளில் பெயரே இல்லை. வெட்கத்தாலும் பயத்தாலும் குடும்பங்களே இவர்களைப் பற்றிப் பேசாமல் விட்டதால், பாட்டியோ தாத்தாவோ இங்கே இருந்ததே பல பேரன் பேத்திகளுக்குத் தெரியாது. பழைய பதிவேடுகளைத் தேடி, வந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகத் திரட்டுகிறார்கள். அத்தனை பெயர்களையும் பொறிக்கும் நினைவிடத்துக்கு அமெரிக்க நாடாளுமன்றம் 2009-ல் அனுமதி கொடுத்தது. அதற்காகத் தேர்வான இடம், டேமியனின் புனித பிலோமினா தேவாலயத்துக்கு எதிரே இருக்கிறது.